புளிக்காத மாவு

ஹில்டா அன்றைக்கும் கையில் கிண்ணத்தோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, கொஞ்சம் உறைமோர் இருக்குமா?”

எனக்கு எரிச்சலாக வந்தது. நாங்கள் இரும்புலியூரில் அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், பழகட்டும் என்று முதல் வாரம் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். ஆனால் உறைமோரை ஒரு தடவை வாங்கினால் போதும். இன்றைய தயிரில் ஒரு கரண்டி மிச்சம் வைத்தால் நாளைக்கு உறை ஆயிற்று. தினமும் உறைமோர் இரவல் கேட்கிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“நேத்து குடுத்தது என்ன ஆச்சு?”

“உறையலக்கா. பால் பாலாவே இருக்கு.”

“வெதுவெதுன்னு இருக்கும்போதுதானே ஊத்தின?”

“நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். இட்லி மாவும் பொங்கல. அரைச்சு வச்சது வச்ச மாதிரியே இருக்கு.”

என் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்பு மேடையில் என் மாவுப் பாத்திரம் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, விளிம்பில் வழிந்திருந்தது. நான் துடைக்காத சோம்பேறித்தனம் அது. அவள் அதைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“உங்க வீட்ல எல்லாம் வளருதுக்கா.”

சொல்லிவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்த்ததும் என் எரிச்சல் போய்விட்டது.

ஹில்டாவுக்கு அப்போது மூன்றாவது மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கி, இரண்டும் இதே மூன்றாவது மாதத்தில் கலைந்து போயிருந்தன. அவளுடைய கணவர் ஜெபராஜுக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் ரத்தினபாய் இறந்து ஒரு வருஷம் கழித்து, அனகாபுத்தூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சவுரிமுத்துவின் மகளான இவளைக் கட்டி வைத்தார்கள். இந்தக் குழந்தையும் நிற்காவிட்டால் அவளை அனகாபுத்தூருக்கே அனுப்பிவிட வேண்டியதுதான் என்று ஜெபராஜின் அண்ணன் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். அதை அவள் காதில் விழும்படியே பேசியிருக்கிறார்கள். புண்ணியவான்கள்.

எங்கள் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்க வந்த தனத்துக்கு இதில் சந்தேகமே கிடையாது.

“அது ரத்னாம்மா வேலைம்மா. அது இன்னும் அந்த வூட்லதான் கீது. எதையும் வளர வுடாது.”

“சும்மா உளறாத.”

“உளர்றனா? நீயே போயி பாரு. சக்கர டப்பா தொறந்தே கெடக்கும், ஒரு எறும்பு வர்ல. பல்லி கெடையாது, கரப்பான் கெடையாது. நாப்பது வூட்ல பாத்திரம் தேச்சிருக்கேன், இப்டி ஒரு வூட்ட பாத்ததில்ல. உள்ள போனாலே உடம்பு சிலுக்குது.”

எனக்குப் பேய் பிசாசு என்றால் பயம் வராது, கோபம்தான் வரும். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் மிளகாய்ப்பொடி. கண்ணுக்குத் தெரியாததைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால், கண்ணுக்குத் தெரியாதது இருக்கிறது என்று யார் சொன்னாலும் எங்கே, காட்டு என்பேன்.

அந்த வருஷங்களில் வேதசிரோமணி சாரிடம் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய், துளசி எண்ணெய், வெற்றிலை எண்ணெய். இவை சாப்பாட்டைக் கெடுக்கும் கிருமிகளை என்ன செய்கின்றன என்று பார்ப்பது வேலை. கண்ணாடித் தட்டில் அகார் கூழை ஊற்றி, அது இறுகியதும் மேலே கிருமியைத் தடவி, நடுவில் எண்ணெயில் தோய்த்த சின்ன வட்டக் காகிதத்தை வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாக வளர்ந்திருக்கும்; காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் இருக்காது. அந்த வெற்று வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். பெரிய வட்டம் வந்தால் சார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். கிராம்பு எண்ணெய்க்கு நாங்கள் நிறைய டீ குடித்திருக்கிறோம்.

தட்டில் ஜெயித்ததைச் சாப்பாட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் மூக்குடைந்தோம். கொத்துக்கறியில் கிராம்பு எண்ணெய் விட்டு வைத்தோம். கறியில் இருந்த கொழுப்பு எண்ணெயை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொண்டது. கிருமிக்கு ஒரு சேதமும் இல்லை, ஜம்மென்று வளர்ந்தது. ஆனால் இரண்டு நாள் ஆன அந்தக் கறி பிரியாணி போல மணந்தது. அதை மோந்த சார் முகம் மாறி, “உடனே கொண்டு போய் அழிச்சிடும்மா. நாறினாலாவது மனுஷன் தப்பிச்சுக்குவான்” என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கல்லூரி லீவு. ஹில்டாவின் வீட்டுக்குப் போனேன். ஜெபராஜ் வேலைக்குப் போயிருந்தார். குரோம்பேட்டையில் ஒரு தைலக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அவர் தெருமுனையில் வரும்போதே தைல வாசனை முன்னால் வரும். ஜெபராஜ் சார் வாசனை என்றே தெருவில் அதற்குப் பெயர். வீட்டுக்குள்ளும் அதே வாசனைதான் என்று தனம் சொல்லுவாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. நாள் முழுக்கக் கிராம்பிலும் ஓமத்திலும் கிடக்கிறவள் நான். என் புடவையிலும் அதே வாசனை.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பூஞ்சை பிடிக்காத பொருள் கிடையாது. என் வீட்டில் என் கணவரின் பெல்ட், தோல் செருப்பு, பீரோவின் பின்பக்கம், புளிப்பானை, எல்லாவற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அவர் ரயில்வேக்காரர், மாதத்தில் பாதி நாள் வெளியூர்; இந்தக் கதைக்கு அவர் தேவையில்லை. ஹில்டாவின் வீட்டுச் சுவர் நேற்று வெள்ளையடித்ததுபோல் இருந்தது. வேதப் புத்தகத்தின் கறுப்பு அட்டையில் ஒரு புள்ளி இல்லை. மேஜைமேல் பிரித்துக் கிடந்த ரொட்டி, வாங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதாம். தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது, கெடவில்லை.

சுவரில் ரத்தினபாய் படம். அகல முகம், நேராக நம்மைப் பார்க்கிற கண்.

ஹில்டா அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தாள். உள்ளே கேக், பாதி வெட்டியது.

“அவங்க செஞ்சது. அவங்களோட கடைசி கிறிஸ்மஸுக்கு. தூக்கிப் போட அவருக்கு மனசு வரலை.”

குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறம் மாறவில்லை. திராட்சை கூடத் தெரிந்தது. ஒரு பூஞ்சை நூல் இல்லை. இறந்துபோனவளின் கத்தித் தடம் அதில் அப்படியே இருந்தது. மோந்தேன். இனிப்பும் கிராம்பும். கேக்கில் கிராம்பு போடுவார்கள்தானே என்று மூடி வைத்துவிட்டேன்.

“எனக்குப் பயமா இருக்குக்கா,” என்றாள். “தயிர், மாவு, எதையும் விட மாட்டேங்கறாங்க. உள்ள இருக்கிறதையும் அப்படியே நிறுத்திடுவாங்க. இந்தத் தடவை போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்.”

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அழாததால் அவள் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும்போது வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கழிவும் ஒரே திறந்த சாக்கடையில்தான் ஓடும். சாக்கடைச் சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாக வழவழவென்று பாசி. ஹில்டாவின் சமையலறைக் குழாய் விழுகிற இடத்தில் மட்டும் பாசி இல்லை. கல் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் பாசி வளைந்து ஒதுங்கியிருந்தது, நடுவில் வெற்றிடம். மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன். அந்த வடிவம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஸ்கேல் வைத்து அளக்கிறேன். ஆனால் அது என் தட்டில் வர வேண்டியது. ஒரு வீட்டைச் சுற்றி வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? முதல் தடவையாக எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதில் எனக்கே என்மேல் கோபம்.

மறுநாள் கல்லூரியிலிருந்து அகார் தட்டுகளைக் கொண்டுவந்தேன். வெறுமனே திறந்து வைத்தாலே போதும், காற்றில் இருப்பது தானாக வந்து உட்காரும். ஹில்டா வீட்டில் கூடம், சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில் என்று வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் வீட்டிலும் வைத்தேன். தனம் விளக்குமாறோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னாம்மா இது, ஆவிக்கு சோறு வெக்கிறியா?”

“ஆமா. சாப்பிட வருதான்னு பாப்போம்.”

வரவில்லை. என் வீட்டுத் தட்டுகளில் மறுநாள் கிருமியும் பூஞ்சையும் கும்பலாகப் பூத்திருந்தன. நான் எவ்வளவு அழுக்குப் பிடித்தவள் என்று கல்லூரிக்கே தெரிந்துவிட்டது. ஹில்டாவின் தட்டுகள் ஊற்றியபடியே இருந்தன. குளியலறைத் தட்டு கூட. இன்னொரு நாள் பொறுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என் விரல்தான் தெரிந்தது.

“அகார் மீடியாவ தப்பா காய்ச்சிருப்ப,” என்றார் வேதசிரோமணி சார்.

“ஒரே பாத்திரத்துல காய்ச்சினதுதான் சார் என் வீட்டுத் தட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆபரேஷன் தியேட்டர்லகூட ரெண்டு மூணு வருமேம்மா. ஆளுங்க குடியிருக்கிற வீடா இது?”

பயந்தால் வேலை ஓடாது என்று, அடுத்ததாக அந்த வீட்டு மண்பானைத் தண்ணீரில் ஒரு சீசா எடுத்து வந்தேன். வட்டக் காகிதத்தை அந்தத் தண்ணீரில் தோய்த்து, கிருமி தடவிய தட்டில் வைத்தேன். மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தபோது காகிதத்தைச் சுற்றி வெற்று வட்டம். சின்னதுதான், ஆனால் சுத்தமான வட்டம். மானாமதுரைப் பானையில் இருந்த குடிதண்ணீர். ஒரு கர்ப்பிணிப் பெண் தினமும் மொண்டு குடிக்கிற தண்ணீர்.

சீசாவை அங்கே வேலை செய்கிற பியூன் ஏசுபாதத்திடம் நீட்டினேன். என் மூக்கை இனி நம்புவதற்கில்லை.

“மோந்து சொல்லுங்க, என்ன வாசனை?”

“உங்க எண்ணெய்தான் மேடம். கிராம்பு.”

அந்த நிமிஷம் என் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது பயத்தைவிட மோசமானது. பேய் பானையில் எண்ணெய் ஊற்றாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆலயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனேன். ஜெபராஜ் வெள்ளைச் சட்டையில், தலை படிய வாரி, சாந்தமாக உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். மனைவிக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்கிற, தெருவில் எல்லோரும் நல்லவர் என்கிற மனிதர். ஹில்டா எனக்குக் காபி எடுத்து வந்தாள். நான் டம்ளரைத் தொடவில்லை.

“ஜெபராஜ் சார், தண்ணிப் பானையில என்ன ஊத்தறீங்க?”

அவர் மறைக்கவே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. எழுந்து போய், ஜன்னல் மேல்பலகையிலிருந்து ஒரு கறுப்புச் சீசாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“கிராம்பும் ஓமமும் மேடம். எங்க கம்பெனி சரக்கு, கலப்படமே கிடையாது. பானையில, பால்ல, ஊறப் போட்ட அரிசியில, தரை துடைக்கிற வாளியில, ரத்தினத்தோட கேக் டின்லகூட. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இந்தக் கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்ல யாருக்கும் வயித்துவலின்னு வந்ததில்ல.”

பெருமையாகச் சொன்னார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் ஹில்டா. “தண்ணிக்கே அந்த ருசின்னுல்ல நெனச்சேன்.”

“நீ பயப்படுவன்னுதான்.”

பிறகு அவர் ரத்தினபாய் இறந்ததைச் சொன்னார். ஆலயத்தில் அசனம், ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. மிச்சமான ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு தூக்கு நிறைய வீட்டுக்குக் கொண்டு வந்தார். மறுநாளும் ஆகட்டும் என்று அதில் கிராம்பு எண்ணெய் விட்டார். ஒரு சொட்டு விட்டால் எதுவும் கெடாது என்று கம்பெனியில் கெமிஸ்ட் சொல்லிக் கேட்டிருக்கிறார். மறுநாள் அவர் வேலையில் இருந்தபோது ரத்தினபாய் அதைச் சாப்பிட்டிருக்கிறாள்.

“மோந்து பாத்துட்டுத்தான் சாப்பிட்டிருக்கா. நேத்தைவிட இன்னைக்குத்தான் வாசனையா இருக்குன்னு தனத்துகிட்ட சொன்னாளாம். அன்னிக்கே வயித்தால போக ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல.” அவர் சீசாவை மெதுவாகத் திருப்பித் திருப்பி வைத்தார். “நாலு சொட்டுதான் விட்டேன் மேடம். காரம் ஏறிடுமேன்னு கை தயங்கிடுச்சு. இன்னும் நாலு சொட்டு விட்டிருந்தா ரத்தினம் இருந்திருப்பா. அதனாலதான் இப்ப நான் கணக்கே பாக்கறதில்ல.”

வெளியே தாம்பரம் போகும் மின்சார ரயில் சத்தம் கேட்டு அடங்கியது. சுவரில் ரத்தினபாய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பேய் இருந்ததுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. பாவம், அதற்கே தெரியாது.

உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் சொட்டு நிற்காது. நான் ஹில்டாவின் வயிற்றைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“எத்தனை சொட்டு விட்டிருந்தாலும் அவங்க பிழைச்சிருக்க மாட்டாங்க சார். கறியில இருக்கிற கொழுப்பு எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கும். கிருமி சாகாது, வாசனை மட்டும்தான் நிக்கும். நான் லேபுல செஞ்சே பாத்திருக்கேன். நீங்க ஒண்ணும் விடாம இருந்திருந்தா குழம்பு ஊசி நாறியிருக்கும். அவங்க கீழ கொட்டியிருப்பாங்க.”

அவர் என்னையே பார்த்தார். புரிய நேரமாயிற்று. புரிந்தபோது முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, கைதான் சீசாவை விட்டுவிட்டு மடிக்கு வந்தது.

“ரெண்டு பிள்ளை வந்து போச்சு,” என்றாள் ஹில்டா. அவ்வளவுதான் சொன்னாள்.

தாம்பரத்தில் ஹில்டாவைப் பார்த்துவந்த டாக்டரம்மாவிடம் அன்று சாயங்காலமே கூட்டிக்கொண்டு போனேன். இதனால்தான் கலைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைக் குடிக்கிறதாவது என்று அவர் என்னைத் திட்டினார். என்னை ஏன் திட்டினார் என்று தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன். ஜெபராஜ் சீசாக்களை எல்லாம் சாக்கடையில் கவிழ்த்தார். பானையை உடைத்துப் புதுப்பானை வாங்கினார். தெரு முழுக்க இரண்டு நாள் மணந்தது.

அந்த வார இறுதியில் விடிகாலையில் ஹில்டா என் பின்கதவைத் தட்டினாள். புடவைத் தலைப்பு, கை, முழங்கை எல்லாம் மாவு.

“அக்கா, வழிஞ்சிடுச்சு! மேடையெல்லாம் வழிஞ்சிடுச்சுக்கா!”

சிரித்தாள், அழுதாள். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அவள் வீட்டு இட்லியை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். பஞ்சு என்றாள் தனம். “ரத்னாம்மா மனசு எறங்கிடுச்சு,” என்றும் சொன்னாள். அவளோடு மல்லுக்கு நிற்க அன்று எனக்கு மனம் வரவில்லை. ஹில்டா உறைமோர் கேட்டு வருவது நின்றது. மூன்றாவது மாதம் தாண்டி, நான்கு தாண்டி, வயிறு வெளியே தெரிந்தது.

ஜனவரியில் அந்த வீட்டில் மறுபடி தட்டுகளை வைத்து எடுத்து வந்தேன். அருமையாக வந்திருந்தன. மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என்று புள்ளி புள்ளியாக, நடுவில் பஞ்சுபோல் பச்சைப் பூஞ்சை. ஓர் உயிருள்ள வீட்டின் தட்டு அது. ஹில்டாவும் பார்க்கட்டும், மனசிலிருந்து அந்தப் பயம் ஒழியட்டும் என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

“பாரு, எப்படி வளர்ந்திருக்கு! இது உன் சமையல்கட்டு. இது உன் கட்டில்.”

அவள் தட்டை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இதெல்லாம் என் வீட்லயா இருக்கு?”

“எல்லார் வீட்லயும் இருக்கு. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது.”

“ரத்தினபாய் அக்கா சாப்பிட்டதுல இருந்தது?”

“அது வேற ஜாதி. இதுல இல்ல.”

“பாத்தா தெரியுமா? மோந்தா?”

“தெரியாது,” என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்.

அவள் தலையாட்டினாள். நான் தட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போகும்போது அவள் அந்த மேஜையைத் துடைப்பதைப் பார்த்தேன். தெருவாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறிய சித்திரையில் ஆண்குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் வீட்டுக்காரர்கள் தங்கச் செயினோடு வந்துவிட்டுப் போனார்கள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை வந்து நான் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை. ஹில்டாவும் வரவில்லை. கைக்குழந்தைக்காரி எங்கே வருவாள் என்று இருந்துவிட்டேன். அவள் எதுவும் கேட்டு வராததே நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன்.

வேலை முடிந்த அன்று, வீட்டில் பழுத்த பப்பாளியைக் கொடுக்கலாம் என்று சந்து வழியாகப் போனேன். பட்டப்பகல், தெருவில் ஒருவரும் இல்லை. சாக்கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றது.

கல் வெள்ளையாக இருந்தது.

சமையலறைக் குழாய்க்குக் கீழே பாசி இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தது. போன மழைக்காலத்தில் நான் பார்த்ததைவிடப் பெரிய வட்டம். பப்பாளியை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

ஜெபராஜ் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“நான் இல்ல மேடம். சத்தியமா நான் இல்ல. அன்னிக்கே விட்டுட்டேன். கம்பெனியில பேக்கிங் பக்கம் மாத்திக் கேட்டுப் போயிட்டேன். சொன்னா கேக்க மாட்டேங்கறா. கடையில வாங்கிட்டு வர்றா.”

உள்ளறையில் ஹில்டா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காலில் குழந்தையைப் படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் சங்கு, பால் கிண்ணம், ஒரு குட்டிச் சீசா. கைக்குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அதனால் தனம் உட்பட யாருக்கும் அது வித்தியாசமாகவே பட்டிருக்காது. ஹில்டா சீசாவைச் சாய்த்தாள். ஒரு சொட்டு பாலில் விழுந்தது. இன்னொன்று. அவள் உதடு அசைந்தது, எண்ணவில்லை, ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

“ஹில்டா!”

“சத்தம் போடாதீங்கக்கா, பயந்துக்குவான்.” முகம் மலர்ந்திருந்தது. நான் அவளை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததே இல்லை. “பாலு கெட்டிருந்தா பாத்தா தெரியாது, மோந்தா தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எண்ணெய் கறியிலதான் ஒளிஞ்சுக்கும். இவன் என்ன கறியா சாப்பிடறான்?”

சங்கைத் தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டு உருண்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். தூக்கம் கலையாமலேயே அது என் தோளில் சாய்ந்து கொட்டாவி விட்டது. ரத்தினபாய் கதையைக் கேட்டதிலிருந்து ஏழெட்டு மாதமாக நான் கிராம்பைத் தொடவில்லை, என் மூக்கு திரும்பியிருந்தது. அந்தச் சின்ன வாய்க்குள்ளிருந்து கிராம்பு வாசனை வந்தது. கையும் காலும் துணிபோல் தொங்கின. தட்டினால் கண்ணைத் திறந்தது, உடனே மூடிக்கொண்டது.

“எத்தனை நாளா?”

“பொறந்ததுலேர்ந்து,” என்றாள். “ஒரு தடவைகூட வயித்தால போனதில்லக்கா.”

ஜெபராஜை ஆட்டோ பிடிக்க விரட்டினேன். ஜி.எஸ்.டி. ரோடுக்கு ஓடினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன், மணிபர்சும் ஒரு துண்டும் எடுக்க. எதிர் வெயில் கண்ணைக் கூசியது. ஹில்டா பின்னாலேயே வந்தாள். பின்வாசலில் நின்றுவிட்டாள். கிண்ணத்தோடு நிற்பாளே, அதே இடம். நிலைப்படியைத் தாண்டி அவள் கால் உள்ளே வரவில்லை.

மேடையில் என் மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தவள் ஓர் அடி பின்னால் போனாள். புடவைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

“அக்கா, குழந்தையக் குடுத்துடுங்க,” என்று கெஞ்சினாள். “உங்க வீட்ல எல்லாம் வளரும்.”